இன்று ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவர்

தலையில் அடிபட்டு, நினைவிழந்து, வாரக்கணக்கில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த ஒருவர் கண் விழிக்கிறார். தம் பெயரைச் சொல்கிறார். சுவரைப் பிடித்து நடக்கிறார். ஒருநாள் வீடு திரும்புகிறார். அந்நாள் அவருடைய குடும்பத்துக்கு மட்டுமன்றி எங்களுக்கும் திருநாளே. வாயிலில் ஆரத்தித் தட்டோடு உறவினர் காத்திருப்பர். முதல் மாதம் முழுவதும் பழப்பையும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக ஆட்கள் வந்தவண்ணம் இருப்பர். மூன்றாம் மாதத்தில் வருகைகள் தொலைபேசி விசாரிப்புகளாகச் சுருங்கும். ஆறாம் மாதத்தில் பெரும்பாலும் அந்த வீட்டில் இருவரே மிஞ்சுவர்: வாயிற்படியில் அமர்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவரும், அடுக்களையிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்கும் தாயோ மனைவியோ.

நாங்கள் இங்கே பேச விரும்புவது அந்த ஆறாம் மாதத்தைப் பற்றி. மறுவாழ்வுப் பிரிவில் பணியாற்றும் எங்கள் கருத்து இதுதான்: மூளைக் காயத்திலிருந்து மீண்டவருக்கு மருந்தும் பயிற்சியும் எவ்வளவு தேவையோ, அவர் வரவை எதிர்பார்த்திருக்கும் ஓர் இடமும் அவ்வளவு தேவை. அவருக்கு உதவி செய்ய ஆள் இருப்பது மட்டும் போதாது. அவர் உதவி செய்வதற்கும் யாரேனும் இருக்க வேண்டும்.

உயிரைக் காப்பதில் நம் மாநிலம் நெடுந்தொலைவு வந்திருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியவர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைப் பற்றிக் குடும்பம் கலங்காமல் இருக்க வழிசெய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறைப் பயிற்சியையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. இவை பெரும் பேறுகள். ஆயினும், இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு வருவோருள் பலர் இருபது, முப்பது வயதினர். 48 மணி நேரம் கடந்து பிழைத்தவர்க்கு அடுத்து 40 ஆண்டு வாழ்க்கை காத்திருக்கிறது. அந்த 40 ஆண்டுகளில் ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்கு அவர் என்ன செய்வார் என்னும் கேள்விக்கு எந்தத் திட்டத்திலும் நேரான விடை இல்லை. எங்கள் விடுவிப்புக் குறிப்பிலும் இல்லை. மாத்திரைகளின் பெயர் இருக்கிறது. மறுபரிசோதனைக்கு வரவேண்டிய நாள் இருக்கிறது. அவர் தம் நாளை எதைக் கொண்டு நிரப்புவார் என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை. இக்குறையை முதலில் எங்கள் குறையாகவே ஒப்புக்கொள்கிறோம்.

கை முறிந்தவருக்கு மாவுக்கட்டு இருக்கிறது. பார்ப்பவர் விலகி வழிவிடுகின்றனர். மூளைக் காயத்துக்கு அத்தகைய அடையாளம் இல்லை. தையல் வடு முடிக்குள் மறைந்துவிடும். உடல் தேறிவிட்டதால், “நன்றாகத்தானே இருக்கிறான், ஏன் வேலைக்குப் போகவில்லை?” என்று ஊர் கேட்கிறது. காலையில் சொன்னது மாலையில் நினைவில் நிற்பதில்லை என்பதும், கூட்டமும் இரைச்சலும் அவர் தலையைப் பிளக்கின்றன என்பதும், அரைமணி நேரப் பேச்சே அவரைக் களைப்படையச் செய்கிறது என்பதும் வெளியே தெரிவதில்லை. நாக்குக் குழறி, நடை தள்ளாடினால், குடித்திருக்கிறார் என்று எண்ணிப் பேருந்தில் ஏற்ற மறுப்போரும் உண்டு. மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டவர்க்கு ஒரு செயலைத் தாமாகத் தொடங்கும் ஆற்றலே குன்றிவிடுகிறது. அவர் மணிக்கணக்கில் சும்மா அமர்ந்திருப்பதைக் கண்டு ‘சோம்பல்’ என்று வீட்டாரே மனம் வெதும்புகின்றனர். அது சோம்பல் அன்று, காயத்தின் விளைவு.

இந்நிலையில் குடும்பம் செய்வது என்ன? அன்பினால் அவரை எல்லா வேலைகளிலிருந்தும் விடுவிக்கிறது. தண்ணீர் மொண்டு தருகிறது, சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுகிறது, கடைக்கு அனுப்புவதில்லை, திருமண வீட்டுக்கு அழைத்துச் செல்வதில்லை. யாரேனும் ஏதேனும் சொல்லிவிடுவார்களோ என்னும் அச்சமும் அதில் கலந்திருக்கிறது. ஒவ்வொரு விடுவிப்பும் அன்பில் பிறந்ததே. அவை எல்லாம் சேர்ந்தபோதோ, ஒரு மனிதர் யாருக்கும் எதற்கும் தேவைப்படாதவராய் ஆகிவிடுகிறார்.

எங்கள் பிரிவுக்கு வந்த ஓர் இளைஞரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். விபத்துக்கு முன் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். கை, கால்கள் தேறிவிட்டன. நினைவாற்றலும் பொறுமையும் தேறவில்லை. பட்டறை முதலாளி ஒருவாரம் பார்த்துவிட்டு, இயந்திரத்தருகே அவரை நிறுத்த அஞ்சினார். அந்த அச்சம் நியாயமானதே. ஓராண்டு அவர் வீட்டிலேயே இருந்தார். பின்பு அவருடைய தாயார், தெருமுனைக் கோயிலின் அன்னதானக் கூடத்தில் சமையல் செய்யும் பெரியவரிடம் கேட்டுக்கொண்டார். டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து, இலைக்கு ஒன்றாக வைப்பது அவருக்குத் தரப்பட்ட பணி. காலை பத்தரை முதல் பன்னிரண்டரை வரை. முதல் வாரம் தாயார் வாசலிலேயே அமர்ந்திருந்தார். எண்ணிக்கை தவறியது, இருமுறை சினந்து டம்ளரை எறிந்தார். பெரியவர் பத்துப் பத்தாக அடுக்கச் சொல்லிக் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழிந்து ஒருநாள் காய்ச்சலால் அவர் போகவில்லை. மாலையில் அப்பெரியவரே வீடு தேடி வந்து, “தம்பி, இன்னிக்கு ஏன் வரலை? டம்ளர் வைக்க ஆளில்லாமத் திண்டாடிப் போயிட்டோம்” என்றார். இதை எங்களிடம் சொன்னபோது அத்தாயின் குரல் தழுதழுத்தது. விபத்துக்குப் பின் தம் மகனை ஒருவர் தேடி வந்து குறைப்பட்டுக்கொண்டது அதுவே முதல்முறை என்றார்.

இதை அற்புதக் கதையாகச் சொல்ல நாங்கள் விரும்பவில்லை. அவர் இன்றும் லேத் இயந்திரத்துக்குத் திரும்பவில்லை. இன்றும் பலவற்றை மறக்கிறார். மாறியது ஒன்றே: காலையில் எழுவதற்கு அவருக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. எழுந்து, குளித்து, நேரம் பார்த்து, வழி நினைவுகொண்டு, எண்ணி, பிறரோடு இரண்டு வார்த்தை பேசித் திரும்பும் அந்த இரண்டு மணி நேரத்தில், நாங்கள் பயிற்சி அறையில் அட்டைகளை வைத்துக் கற்பிக்க முயல்வன எல்லாம் அடங்கியிருக்கின்றன.

மருத்துவ வரலாற்றிலும் இதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1848 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், இருப்புப்பாதைப் பணியில் இருந்த ஃபினியஸ் கேஜ் என்னும் 25 வயது மேற்பார்வையாளரின் கன்னத்தின் வழியாக ஒரு மீட்டருக்கும் நீளமான இரும்புக் கம்பி பாய்ந்து மண்டை உச்சியில் வெளியேறியது. அவர் உயிர் பிழைத்தார், குணமோ மாறிவிட்டது. பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை. பாடநூல்கள் பெரும்பாலும் அவர் கதையை இங்கேயே முடித்துவிடுகின்றன. அதன் பிற்பகுதி அத்துணைப் புகழ்பெறவில்லை. 1852இல் அவர் தென்னமெரிக்காவிலுள்ள சிலி நாட்டுக்குச் சென்று, பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். குதிரைகளைப் பேணுவது, குறித்த நேரத்தில் வண்டியைக் கிளப்புவது, பயணிகளோடு பழகுவது என நாள்தோறும் ஒரே ஒழுங்கில் அமைந்த வேலை அது. அவரது வாழ்வை விரிவாக ஆராய்ந்த உளவியலாளர் மால்கம் மாக்மில்லன், அந்த ஒழுங்கே கேஜை மீண்டும் சமூக மனிதராக்க உதவியிருக்கக்கூடும் என்று கருதுகிறார். 1860இல் வலிப்பு நோயால் கேஜ் இறந்தார். ஒருவர் கதை எல்லோருக்கும் விதியாகாது. எனினும், ‘இவர் இனி அவ்வளவுதான்’ என்று எழுதி மூடிவிடும் முன் ஒருகணம் தயங்க அது போதும்.

நமக்கு அருகிலேயே வேறொரு சான்றும் உள்ளது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின்போது விழுந்து கழுத்துத் தண்டுவடம் பாதிக்கப்பட்டார். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. 1981இல் அவர் தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்று மாற்றுத்திறனாளிகளுக்கான பெரிய மறுவாழ்வு நிலையமாக வளர்ந்திருக்கிறது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அவருடைய காயம் தண்டுவடத்தில். மூளைக் காயம் வேறு. எல்லோரும் அவ்வாறு நிறுவனம் கட்ட வேண்டும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. பிறர் கையால் உண்ண நேர்ந்தவரும் பிறருக்குக் கொடுப்பவராக இருக்க முடியும் என்பதே நாங்கள் எடுத்துக்கொள்ளும் செய்தி.

இதைக் கேட்கும் குடும்பத்தினர் எங்களிடம் மூன்று மறுப்புகளைச் சொல்வதுண்டு. மூன்றும் பொருளுள்ளவை.

முதலாவது: “அவருக்கே ஆள் துணை தேவைப்படுகிறது, அவர் எப்படிப் பிறருக்கு உதவுவார்?” பணியைச் சிறியதாக்கினால் உதவ முடியும். ஊர் நூலகத்தில் திருப்பித் தரப்பட்ட நூல்களை அடுக்கலாம். நாற்றங்காலில் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றலாம். கோடையில் தண்ணீர்ப் பந்தலில் மோர் மொண்டு தரலாம். முதியோர் இல்லத்தில் ஒருவரோடு அமர்ந்து தாயம் ஆடலாம். படுக்கையை விட்டு எழ இயலாதவர் கூட, தனியே வாழும் ஓர் அத்தைக்கோ சித்தப்பாவுக்கோ நாள்தோறும் காலை எட்டு மணிக்குத் தொலைபேசியில் பேசி, “மாத்திரை போட்டீர்களா?” என்று கேட்கலாம். எதிர்முனையில் இருப்பவருக்கு அது மெய்யான உதவி.

இரண்டாவது: “ஊர் சிரிக்கும், அவர் மனம் புண்படும்.” புண்பட நேரலாம். எங்கள் தேர்வே பிழைத்ததும் உண்டு. ஒருவரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் உதவியாளராக இருக்க அனுப்பினோம். பிள்ளைகளின் இரைச்சல் தாங்காமல் மூன்றாம் நாள் அவர் உரக்கக் கத்திவிட்டார். வரவேண்டாம் என்று சொல்லிவிட்டனர். அவர் தலைகுனிந்து திரும்பி வந்ததற்கு அவரும் பள்ளியும் பொறுப்பல்லர். இரைச்சல் ஆகாத ஒருவரை இரைச்சல் மிகுந்த இடத்துக்கு அனுப்பிய நாங்களே பொறுப்பு. அன்று முதல், ஆளைப் பார்ப்பதற்கு முன் இடத்தைப் பார்த்துவரக் கற்றோம்.

மூன்றாவது: “கூலியில்லாமல் வேலை வாங்கிக்கொள்வார்களே?” இந்த ஐயம் மிகச் சரியானது. தொண்டு என்பது வாரத்தில் சில மணி நேரம், விருப்பத்தோடு, விட்டு விலகும் உரிமையோடு செய்வது. நாள் முழுதும் வேலை வாங்கிச் சோறு மட்டும் போடுவது சுரண்டல். அவரால் முழுநேரம் உழைக்க முடியும் என்றால் அவருக்கு உரியது ஊதியம். தொண்டு ஊதிய வேலைக்கு ஏணியாகலாம். அதற்கு மாற்றாகிவிடக் கூடாது.

தொடங்க எண்ணும் குடும்பத்துக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில சொல்கிறோம். மருத்துவர் இசைவு தந்த பின்னரே தொடங்குங்கள். முதலில் வாரம் இருநாள், நாளுக்கு ஒருமணி நேரம் போதும். களைப்பு குறைவாக இருக்கும் முற்பகலைத் தேர்ந்தெடுங்கள். ஒரே இடம், ஒரே நேரம், ஒரே துணையாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றம் குறைந்தால் மறதியின் தொல்லையும் குறையும். பணியின் படிகளை ஓர் அட்டையில் எண்ணிட்டு எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். எழுத்து வாசிக்க இயலாதவருக்குப் படமாக வரையுங்கள். அதே அட்டையின் பின்புறம் வீட்டுத் தொலைபேசி எண் இருக்கட்டும். பணம் எண்ணி வாங்கும் பொறுப்பைத் தொடக்கத்தில் தர வேண்டாம். வலிப்பு வரும் வாய்ப்பு உள்ளவர் அடுப்பு, கிணறு, ஏணி, ஓடும் இயந்திரம் ஆகியவற்றின் அருகே வேலை செய்யலாகாது. வலிப்பு மாத்திரையை ஒருவேளையும் விடலாகாது. மருத்துவர் சொல்லும் வரை வண்டி ஓட்டக் கூடாது. மது அறவே கூடாது. அவர் சினம் கொள்ளும்போது வாதிடாமல் ஓசையற்ற இடத்துக்கு அழைத்துச் சென்று சற்று நேரம் விட்டுவிடுமாறு துணையாளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

அண்டை வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் ஒரு சொல். உங்கள் வருகை நின்றதற்கு அன்பின்மை காரணமன்று. என்ன பேசுவதென்று தெரியாமையே காரணம். அதைக் கற்றுக்கொள்ள முடியும். கனடாவின் டொரண்டோ நகரில், பக்கவாதம் முதலியவற்றால் பேச்சிழந்தோர்க்காக 1979இல் தொடங்கிய நிலையம் ஒன்று, பேச்சிழந்தவரோடு உரையாடும் முறையைத் தன்னார்வலர்களுக்குப் பயிற்றுவிக்கிறது. அம்முறையின் அடிப்படை எளியது. எதிரில் இருப்பவருக்கு எண்ணம் இருக்கிறது, சொல்தான் வரவில்லை என்று நம்புவது, தாளும் பேனாவும் கையில் வைத்து முக்கியச் சொற்களை எழுதிக் காட்டுவது, ‘ஆம், இல்லை’ என்று விடை சொல்லத்தக்க கேள்விகளைக் கேட்பது, படங்களைப் பயன்படுத்துவது, விடை வரும்வரை காத்திருப்பது. இதற்குப் பட்டம் தேவையில்லை, பொறுமை தேவை. குழந்தையிடம் பேசுவதுபோல் பேசாமல், அவர் வயதுக்கும் அறிவுக்கும் உரிய மரியாதையோடு பேசினால் போதும்.

இரண்டு மணி நேரம் அவரைத் தேநீர்க் கடைக்கோ பூங்காவுக்கோ அழைத்துச் செல்லும் நண்பர், அவருக்கு மட்டும் உதவவில்லை. வீட்டில் இருக்கும் தாயோ மனைவியோ அந்த இரண்டு மணி நேரத்தில் அச்சமின்றிக் குளிக்கலாம், உறங்கலாம், தம் மருத்துவரைப் பார்க்கலாம், வெறுமனே அமர்ந்திருக்கலாம். தம் மறுபரிசோதனை நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, தாமே நோயாளியாய் எங்களிடம் வந்து சேர்ந்த துணைவியரை நாங்கள் கண்டிருக்கிறோம். அயலார் ஒருவர் வாரம் ஒருமுறை கதவைத் தட்டியிருந்தால் அது நேராமல் இருந்திருக்கலாம்.

அயலாரைத் திரட்டுவது நடவாத செயலும் அன்று. கேரளத்தில், 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண, நோய்த்தணிப்புப் பராமரிப்புச் சங்கத்தின் பணியிலிருந்து வளர்ந்த அயலக வலைப்பின்னல்கள், சாதாரண மக்களுக்குச் சிறிது பயிற்சி அளித்து, தத்தம் பகுதியில் படுக்கையில் கிடப்போரை வாரம்தோறும் கண்டுவரச் செய்தன. நம் மாநிலத்தில் 2021இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’க்குப் பெருந்தொகையான தன்னார்வலர்கள் முன்வந்தனர். உதவ விரும்புவோர் நம்மிடையே எப்போதும் இருக்கின்றனர். எந்த வீட்டுக்கு, எந்நேரம், எதற்காகச் செல்வது என்று அவர்களுக்கு யாரேனும் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர்களுள் மருத்துவமனைகள் முதலில் நிற்க வேண்டும்.

உரிமை பற்றியும் ஒன்று கூறவேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ‘மூளைக் காயம்’ என்னும் பெயரில் தனி வகை அதில் இல்லை. ஆகவே, தமக்குச் சான்றிதழ் கிடைக்காது என்று பல குடும்பங்கள் முயலாமலே விட்டுவிடுகின்றன. காயத்தால் விளைந்த கை கால் இயக்கக் குறை, பார்வைக் குறை, பேச்சு மற்றும் மொழிக் குறை போன்றவற்றின் அடிப்படையில் மதிப்பீடு செய்யக் கோரலாம். உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். விடுவிப்புக் குறிப்பையும் ஸ்கேன் அறிக்கைகளையும் பத்திரமாக வைத்திருங்கள். நினைவும் குணமும் மாறியதால் வரும் இடர்ப்பாடுகள் இந்த வகைகளுக்குள் எளிதில் அடங்குவதில்லை. சட்டம் அதையும் தெளிவாகக் காண வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இறுதியாக, எங்களுக்கு நாங்களே விதித்துக்கொள்ள விரும்புவது: மூளைக் காயத்தோடு வீடு திரும்பும் ஒவ்வொருவரின் விடுவிப்புக் குறிப்பிலும், மாத்திரைகளுக்குக் கீழே ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். ‘இவர் காலையில் எங்கே செல்வார்? அங்கே இவரை எதிர்பார்ப்பவர் யார்?’ முதல் மாதத்தில் அந்த வரி வெறுமையாக இருக்கலாம். ஆறாம் மாத மறுபரிசோதனையிலும் அது வெறுமையாகவே இருந்தால், சிகிச்சை இன்னும் முடியவில்லை என்று கொள்ள வேண்டும்.

அடுத்த முறை மறுபரிசோதனைக்கு வரும்போது, இரத்த அழுத்தக் குறிப்பேட்டோடு இந்தக் கேள்விக்கான விடையையும் கொண்டுவாருங்கள். விடை இல்லையென்றால், கேள்வியை மட்டுமேனும் கொண்டுவாருங்கள். உங்கள் தெருவில் ஒரு நூலகமோ, கோயிலோ, பள்ளிவாசலோ, தேவாலயமோ, நாற்றங்காலோ நிச்சயம் இருக்கும். அங்கே ஒரு சிறு வேலையும், அதைச் சொல்லித்தரப் பொறுமையுள்ள ஒரு மனிதரும் இருக்கக்கூடும். அவரை நாம் சேர்ந்தே தேடுவோம்.